முள்ளெலும்பிடைத் தட்டின் தேய்மானம்

மனித சரீரத்தைத் தாங்கி நிற்கும் முதுகுத்தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த முள்ளெலும்புகளுக்கு நடுவே 23 இடைத்தட்டுகள் உள்ளன. பொதுமக்கள் இவற்றை ஜவ்வு என்பர். மருத்துவமனைகளில் டிஸ்க் என்ற சொல்லே வழக்கில் உள்ளது. ஒவ்வொரு தட்டும் நடுவில் நீர் செறிந்த குழைவான கருவையும், அதனைச் சுற்றிக் கயிற்றுக் கட்டிலின் பின்னல்போல அடுக்குதோறும் திசை மாறி ஓடும் நார் வளையத்தையும், மேலும் கீழும் எலும்போடு ஒட்டிய மெல்லிய குருத்தெலும்புப் படலத்தையும் உடையது. கருவில் நீர் வற்றுதல், வளையம் பிளவுறுதல், படலம் சிதைதல் ஆகிய மாறுதல்களையே தேய்மானம் என்கிறோம்.

இவ்வுறுப்பின் விசேஷ லட்சணம், வளர்ந்த மனிதரில் இதனுள்ளே இரத்தக் குழாய்கள் இல்லாமையாகும். கருவிலுள்ள சொற்ப உயிரணுக்கள், பக்கத்து எலும்பின் நுண்குழாய்களிலிருந்து படலத்தின் வழியே கசிந்து வரும் பிராணவாயுவையும் சர்க்கரையையும் கொண்டே ஜீவிக்கின்றன. அப்படலம் இறுகியோ உடைந்தோ போகுமாயின் போஷணை குன்றி, அமிலம் தேங்கி, நீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகன் என்னும் பொருள் நாளடைவில் குறைந்து போகிறது. இந்தப் போஷணையைக் கண்ணுக்குப் புலப்படச் செய்த ஆராய்ச்சி கோயம்புத்தூரில் நடந்தது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரனும் அவர்தம் குழுவினரும், இரத்தத்தில் ஒரு சாயப் பொருளைச் செலுத்தி, 24 மணி நேரம் வரை எம்.ஆர்.ஐ. படங்களை அடுத்தடுத்து எடுத்து, அது எலும்பிலிருந்து படலத்தைக் கடந்து கருவை அடையும் கதியைப் பின்தொடர்ந்தனர். இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசு 2004-இல் இதற்கு வழங்கப்பட்டது. அதே குழுவினர் 2013-இல் ஜவ்வு பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்தபோது, நார் வளையம் கிழிவதே முதற்காரணம் என்று பாடநூல்கள் போதித்து வந்ததற்கு மாறாக, படலம் எலும்பைவிட்டுப் பிரிவதே பெரும்பாலோரிடம் காணப்பட்டது.

தட்டு தாங்கும் பாரத்தைப் பற்றி 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்பவரும் அவரது சகாக்களும் நடத்திய சோதனை விந்தையானது. ஒரே ஒரு தன்னார்வலரின் இடுப்புத் தட்டினுள் அழுத்தமானியைப் பொருத்தி, அவருடைய அன்றாட அசைவுகளையெல்லாம் அளந்தனர். படுக்கையில் 0.1 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம் நிற்கையில் 0.5 ஆயிற்று, முதுகை வளைத்து 20 கிலோ சுமையைத் தூக்கியபோது 2.3 ஆகவும், முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7 ஆகவும் இருந்தது. இரவு உறங்குகையில், பகலில் வெளியேறிய நீர் மெல்ல உள்ளே திரும்புவதால், 0.1-லிருந்து 0.24-க்கு அது தானே உயர்ந்தது. ஒருவர் உடம்பில் கண்டதைப் பொது விதியாகக் கொள்ளலாகாது என்பது உண்மையே; ஆயினும் சுமை தூக்கும் முறையைப் பற்றிய இன்றைய அறிவுரைகள் பலவற்றுக்கு இவ்வெண்கள் ஆதாரமாய் நிற்கின்றன.

எனினும் பாரம் சுமப்பதாலேயே தட்டு தேய்கிறது என்ற பழைய அபிப்பிராயம் இப்போது பெரிதும் தளர்ந்துவிட்டது. பின்லாந்தில் ஒரே கருவில் உதித்த 115 ஜோடி ஆண் இரட்டையர்களை ஆராய்ந்து 1995-இல் வெளியான முடிவுகளின்படி, இடுப்பின் மேற்பகுதித் தட்டுகளில் காணும் வேறுபாட்டில் கடின உழைப்பினால் விளக்கக்கூடியது 7 சதவீதமே. வயதையும் குடும்பப் பாரம்பரியத்தையும் சேர்த்தால் அது 77 சதவீதமாகிறது.

இன்னொரு பொதுநம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்தபோது, எல்லாத் தட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் 36 சதவீதத்தினரே. 52 சதவீதத்தினருக்கு ஓரிடத்திலேனும் பிதுக்கம் இருந்தது. பரிசோதனைச் சீட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று கண்டவுடன் நிலைகுலையும் நோயாளிக்கும், அச்சீட்டை மட்டுமே நம்பிச் சிகிச்சை தொடங்கும் மருத்துவருக்கும் இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. படத்தின் தோற்றம் வலியின் அளவுகோல் அன்று.

பிதுங்கிய தட்டே காலுக்குப் பரவும் சயாடிகா வலிக்குக் காரணம் என்பதை 1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் ஸ்தாபித்தனர். அதற்கு முன் அறுவையில் கண்டெடுத்த துண்டுகளைக் கட்டி என்றே கருதி வந்தனர். அதன்பின் வந்த முயற்சிகளில் பப்பாளிப் பாலின் கதை சுவையானது. அதிலுள்ள பப்பெய்ன் என்னும் நொதியை 1956-இல் முயல்களுக்குச் செலுத்தியபோது நிமிர்ந்த காதுகள் துவண்டு தொங்கின. குருத்தெலும்பைக் குழையச் செய்யும் இச்சக்தியைப் பிதுங்கிய தட்டின்மேல் ஏவலாம் என்று கருதிய லைமன் ஸ்மித், அவ்வினத்தைச் சேர்ந்த கைமோபப்பெய்னை 1960-களில் மனிதரிடம் பரீட்சித்தார். 1982-இல் அமெரிக்க அங்கீகாரம் பெற்ற இம்மருந்து, அபாயகரமான ஒவ்வாமையும் அரிதாகப் பக்கவாதமும் நேர்ந்தமையால் பின்னர் வழக்கொழிந்தது. செயற்கைத் தட்டைப் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் 1980-களில் உருவாக்கியவர்களுள் ஒருவரான காரின் பியூட்னர்-யான்ஸ், 1972 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற உடற்பயிற்சி வீராங்கனை.

பிதுங்கி வெளிவந்த துண்டைச் சரீரத்தின் தற்காப்பு அணுக்களே காலப்போக்கில் உண்டு கரைத்துவிடுவதுண்டு. துண்டு பெரிதாயின் கரையும் வாய்ப்பும் அதிகம். நெதர்லாந்தில் கடும் சயாடிகாவுற்ற 283 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், உடனே சஸ்திர சிகிச்சை பெற்றோர் விரைவில் குணமாயினர். ஆனால் பொறுத்திருந்தோரும் ஓராண்டின் முடிவில் அதே நிலையை எய்தினர். அவர்களுள் சுமார் 39 சதவீதத்தினர் இடையில் அறுவைக்கு உடன்பட்டதையும் மறைக்கலாகாது. சிறுநீர் தடைப்படுவதும் தொடையிடுக்கு மரத்துப்போவதும் நேருமாயின் காத்திருத்தல் கூடாது. அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும்.

தட்டை ஒட்டிய எலும்பு மஜ்ஜையில் வீக்கம் கண்ட சிலரின் முதுகுவலிக்குக் கிருமியே காரணம் என்று 2013-இல் டென்மார்க் ஆய்வொன்று உரைக்க, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குப் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. 180 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான நார்வே ஆய்வோ அதில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று கண்டது. மூல உயிரணுக்களைத் தட்டினுள் செலுத்தும் சோதனைகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. போஷணையற்ற இடத்தில் புதிய அணுக்கள் எவ்வாறு பிழைக்கும் என்பதே அவற்றின் பிரதான இடர்ப்பாடு. தேய்ந்த தட்டைப் பழைய ஸ்திதிக்கு மீட்பதாக நிரூபணம் பெற்ற ஊசியோ மருந்தோ இன்றுவரை எதுவுமில்லை.