கத புக்கும் காவலும்

சிறுவர்க்கான புத்தகத் தேர்வின் வரலாறு என்பது, பெரியவர்கள் எதையெல்லாம் பிடுங்கி வைத்தார்கள் என்பதன் வரலாறும்தான்.

1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தாம், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். அதே ஆண்டு பதிப்பாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். 1955இல் பிரிட்டன் சட்டமே போட்டது. ஆசை அடங்கவில்லை. 1962இல் லண்டன் வார இதழ் 'வேலியண்ட்'டில் தோன்றிய இரும்புக்கை நாயகன், 1972இல் முத்து காமிக்ஸ் வழியே 'இரும்புக்கை மாயாவி'யாகத் தமிழுக்கு வந்தான். எந்தக் கமிட்டியும் அவனைப் பரிந்துரைக்கவில்லை. பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து, கைமாற்றிப் படித்தார்கள். "கத புக்கு படிச்சா உருப்பட்ட மாதிரிதான்" என்பது வீடும் பள்ளியும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு. நீதிக்கதைக்கு மட்டும் அனுமதி உண்டு.

இந்த இன்பம் அப்பாவியானது என்று நாம் சொல்லவில்லை. தமிழில் வந்த ஃபேண்டம் கதைகளில் கறுப்பினப் பழங்குடிகள் ஒரு வெள்ளை முகமூடிக்கு அஞ்சி நிற்கிறார்கள். அதற்குப் பதில் பறிமுதல் அல்ல. "அவங்க ஏன் பயப்படணும்?" என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதுதான். ஒளித்துப் படிக்கிறவனிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

2023இல் தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலைகளாக்கியது. நல்ல காரியம். ஆனால் படிநிலை சொல்வது எழுத்துக் கூட்டும் திறனை, ருசியை அல்ல. நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானாக ஒன்றை எடுக்கவும், பிடிக்கலன்னா பாதியில் மூடி வைக்கவும் முடிகிறதா? தேர்வு யாருடையது என்பது அங்கேதான் தெரியும்.