சிந்தியதைத் துடைத்தவர்கள்

புறநானூற்றின் 188ஆம் பாடலில் ஒரு குழந்தை சோறு அளைகிறது. தத்தித் தத்தி வந்து கலத்துக்குள் கையை விட்டு, வாயில் வைத்து, தரையில் இறைத்து, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. இந்தக் காட்சியைக் காணாதவர் எவ்வளவு செல்வம் படைத்தும் என்ன பயன் என்று கேட்கிறான் பாண்டியன் அறிவுடைநம்பி. அழகான பாட்டு. ஆனால் அந்தத் தரையைப் பிறகு யார் துடைத்தார் என்பது பாட்டில் இல்லை. பாடியவன் அரசன், அவனுக்கு அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

குழந்தை தொட்டும் பிசைந்தும் கலைத்தும்தான் உலகை அறிகிறது என்பதை இன்று ‘புலன் விளையாட்டு’ என்கிறோம். இளம் தாய்மாருக்கு அதைச் சொல்லித் தருகிறவர்கள் ‘வீடு அழுக்காகாமல்’ என்ற இரண்டு சொற்களையும் சேர்த்தே தருகிறார்கள். யாருடைய கவலை இந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது என்று பார்க்க விரும்பினேன்.

நம் மரபிலேயே ஒரு தடயம் உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் ஏழு ஆண், பெண் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில் பிரிந்துவிடும். ஆண்பால் பிள்ளைத்தமிழில் வரும் சிற்றில் பருவத்தில், சிறுமியர் மணலில் கட்டிய வீட்டை ஆண்குழந்தை காலால் கலைக்க வருவான். கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். கலைப்பது அவனுக்கு விளையாட்டு. வீட்டைக் கட்டுவதும் காப்பதும் அவர்களுக்கு விளையாடும் வயதிலேயே வேலை.

அடுத்த தடயம் ரோம் நகரில். 1907 ஜனவரி 6 அன்று, சான் லொரென்சோ பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி முதல் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கினார். அதற்கு இடம் கொடுத்தது கட்டிட உடைமையாளர்களின் நிறுவனம். பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்து விடப்பட்ட பிள்ளைகள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கினார்கள். பழுதுபார்க்கும் செலவில் மிச்சமாகும் பணத்திலேயே பள்ளி நடத்திவிடலாம் என்று நிறுவனம் கணக்கிட்டது. குளிக்காமல், அழுக்குத் துணியோடு வரும் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்ற விதியும் இருந்தது. உலகப் புகழ்பெற்ற புலன் கல்வி, சுவர் அழுக்காகாமல் இருக்க வேண்டும் என்ற வீட்டுக்காரரின் கவலையோடுதான் பிறந்தது.

மாண்டிசோரி அதை வேறு பக்கம் திருப்பினார். துடைப்பது, கழுவுவது, ஊற்றுவது ஆகியவற்றையே குழந்தையின் பயிற்சியாக்கினார். அதே ஆண்டு இரண்டாவது இல்லத்தைத் திறந்துவைத்துப் பேசியபோது, தாய்மைப் பணியின் ஒரு பகுதியைச் சமூகம் பொதுவில் ஏற்கும் காலம் வந்துவிட்டது என்றார். 1896இல் பெர்லின் பெண்கள் மாநாட்டில் சம ஊதியம் கேட்டுப் பேசியவர் அவர். 1898இல் திருமணத்துக்கு வெளியே பிறந்த தன் மகன் மரியோவை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர விட வேண்டியிருந்ததும் அவருக்குத்தான். பதின்ம வயதில்தான் மகன் தாயிடம் வந்து சேர்ந்தான்.

நான் குடியிருக்கும் நந்தனம் அடையாற்றின் வடகரையில் இருக்கிறது. அதே ஆறு கடலில் கலக்குமிடத்தில், தென்கரையில், பிரம்மஞான சபைத் தோட்டம். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 நவம்பரில் மாண்டிசோரி அங்கே வந்தார். முதல் பயிற்சி வகுப்பில் 300க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு மரியோவைச் சிறைவைத்தது. மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றது. ஆகஸ்ட் 31 அன்று, அவருடைய எழுபதாவது பிறந்தநாளில், மகனை விடுவித்தது. பிறப்பு முதல் மூன்று வயது வரையான பருவத்தில் அவர் கவனம் ஆழ்ந்தது இந்திய ஆண்டுகளில்தான். இங்கே ஆற்றிய உரைகளிலிருந்து உருவான நூல் 1949இல் அடையாறில் வெளியானது.

மாண்டிசோரிக் கருவிகள் விலை கூடியவை. அந்தத் தடையை உடைத்தவர்கள் மராட்டியப் பெண்கள் இருவர். தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் 1945இல் போர்டி கிராமத்தில் பணி தொடங்கி, பிறகு கோஸ்பாட் ஆதிவாசிக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். இலை, விதை, கிளிஞ்சல் எல்லாம் அவர்களிடம் பாடக்கருவிகள் ஆயின. வீட்டு முற்றத்துக்கே பள்ளி போனது. ‘அங்கன்வாடி’ என்ற சொல் அந்த முற்றத்திலிருந்து வந்தது.

எங்கள் அடுக்ககத்தில் முற்றம் கிடையாது. இரண்டு அறை, மூன்றாம் மாடி, பத்து மாதப் பெண்குழந்தை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வரிசையில் நானும் இருந்தேன். அதனால் ஒரு கிண்ணம் கூழ் கொட்டினால் எத்தனை குவளைத் தண்ணீர் என்று மனம் தானாகவே கணக்குப் போடுகிறது.

என் ஏற்பாடுகள் எளியவை. கெட்டியான ஜிப் பையில் பீட்ரூட் தண்ணீர் ஊற்றி, வாயை டேப்பால் இரண்டு முறை ஒட்டித் தரையில் பதித்துவிடுவேன். அவள் மேலிருந்து அமுக்குவாள். ஒரு கூடையில் எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, பழைய பருத்திப் புடவைத் துண்டு. பயறு உண்டு, ஆனால் மூடி ஒட்டிய பாட்டிலுக்குள். இந்த வயதில் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும், தொண்டையில் அடைக்கும். தயிர்சாதம் அளைவது குளிக்கும் முன், குளியலறைத் தரையில், தாம்பாளத்தில். ஒரே குளியலில் இரண்டும் முடியும். தண்ணீர் ஓரங்குலமே இருந்தாலும் கையெட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இதெல்லாம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் முன்கூட்டி யோசிப்பது, எடுத்துவைப்பது, பக்கத்தில் உட்கார்வது, திரும்ப அடுக்குவது எல்லாமே உழைப்பு. தரை அழுக்காகவில்லை என்பதால் வேலை குறைந்துவிடவில்லை. துடைக்கும் வேலை திட்டமிடும் வேலையாக மாறியிருக்கிறது. துடைக்கும் வேலையாவது கண்ணுக்குத் தெரியும். வசதியுள்ள வீட்டில் அந்தத் துணியும் மேல்வேலைக்கு வரும் இன்னொரு பெண்ணின் கைக்குப் போகிறது. அவள் குழந்தை அந்நேரம் யாரிடம் இருக்கிறது?

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97. பராமரிப்பில் பெண்ணுக்கு 134, ஆணுக்கு 76. 2017இன் பேறுகாலச் சட்டத்திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்றது. வீட்டுவேலை செய்பவர், தள்ளுவண்டியில் பூ விற்பவர், வீட்டிலிருந்தே தைப்பவர் எவருக்கும் அது எட்டாது.

1907இல் கேட்ட பொது அறை இன்னும் நம் தெருக்களுக்கு வரவில்லை. ஒவ்வொரு குடியிருப்பிலும் தரைதளத்தில் ஓர் அறை, ஒரு குழாய், ஒரு வடிகால், கௌரவமான சம்பளத்தில் இருவர் இருந்தால் குழந்தைகள் தாராளமாகச் சிந்தலாம். அதுவரை, வீடு அழுக்காகாத விளையாட்டைச் சொல்லித் தருகிற யாரும், அதைத் தாய்க்கு மட்டும் சொல்லாமல் அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லட்டும்.