களிமண்ணில் வீழ்ந்த பித்தளைக் குண்டுகள்

நியூற்றன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரின்சிப்பியா' மாணவர்க்கென எழுதப்பட்ட நூலன்று. கேத்திரகணிதத்தில் வல்லவரும் அதனைக் கற்கத் திணறினர். அந்நூலின் இயக்கவியலை வகுப்பறைக்குக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் ஒல்லாந்து நாட்டு வில்லெம் ஸ்கிராவெசாண்டே என்பவராவர். இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஒல்லாந்தர் ஆண்ட காலம் அது.

சட்டம் பயின்ற அவர், 1715இல் தூதுக்குழுவின் செயலாளராக இலண்டன் சென்றபோது நியூற்றனை நேரிற் கண்டார். 1717இல் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கணிதத்தை மாத்திரம் நம்பி மாணவரை வருத்த அவர் விரும்பவில்லை. கப்பி, ஊசல், மோதும் கோளங்கள் முதலிய கருவிகளை யான் வான் முசன்புரூக் என்னும் கைவினைஞர் செய்து கொடுக்க, மாணவர் இயக்க விதிகளைக் கண்ணாற் கண்டு கற்றனர். 1720இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய பாடநூல் விரைவில் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது.

இடர் அதன் பின்னரே எழுந்தது. இயங்கும் பொருளின் விசை திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்பது நியூற்றன் வழிவந்தோர் கொள்கை. வேகத்தின் வர்க்கத்தாலேயே பெருக்க வேண்டும் என்றார் ஜெர்மானியரான லைப்னிற்சு. ஸ்கிராவெசாண்டேயின் நூலோ முன்னைய கொள்கையையே கற்பித்தது.

1722இல் அவர், பருமனில் ஒத்து நிறையில் வேறுபட்ட பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழவிட்டார். ஒரு மடங்கு நிறையுள்ள குண்டு இரு மடங்கு வேகத்தோடும், இரு மடங்கு நிறையுள்ளது ஒரு மடங்கு வேகத்தோடும் வீழ்ந்தால், அவர் கற்பித்தபடி இரண்டும் ஒத்த குழிகளையே பறித்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. இலேசான குண்டே பெரிய குழியைப் பறித்தது. நிறையையும் வீழ்ந்த உயரத்தையும் பெருக்கிய தொகை சமமாயிருந்தபோதே குழிகளும் சமமாயின. உயரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, லைப்னிற்சு சொன்னதே களிமண்ணிற் பதிந்திருந்தது!

பாடநூலை அச்சேற்றிய ஆசிரியருக்கு இதனினும் பெரிய சங்கடம் வேறென்ன? ஆயினும் அவர் மறைக்கவில்லை. தம் கருத்து மாறியதை அவ்வாண்டிலேயே எழுதி வெளியிட்டார். நியூற்றனின் நண்பர் சாமுவேல் கிளார்க் 1728இல் அக்கட்சியினரைக் கடுஞ்சொற்களாற் சாடினார். பிரான்சிலோ எமிலி து சாத்தலே என்னும் பெண்மணி, 1740இல் தாம் வெளியிட்ட பௌதிக நூலில் வர்க்கக் கொள்கையின் பக்கம் நின்றார்.

1743இல் தலம்பேர் இதனைச் சொற்போர் என்றார். அது முழுதும் சரியென்று கொள்வதற்கில்லை. உண்மையில் அளக்கப்பட்டவை இரு வேறு பொருள்கள். விசை எவ்வளவு நேரம் தாக்கியது என்பதைக் கணித்தால் உந்தம் கிடைக்கும். எவ்வளவு தூரம் தாக்கியது என்பதைக் கணித்தால் இயக்கச் சக்தி கிடைக்கும். இன்றைய மாணவர் இரண்டையும் அடுத்தடுத்த பாடங்களிற் கற்கின்றனர். ஸ்கிராவெசாண்டேயின் கருவிகள் பல, லெய்டன் நகரின் பூர்காவே அரும்பொருட்சாலையில் இன்றும் உள்ளன.