கருவியா? மனிதனா?

பாதாளச் சாக்கடையின் அடைப்பை எடுக்க இயந்திரம் வாங்கலாமா, வேண்டாமா? நகரமன்றங்கள் கூடி இக்கேள்வியை ஆராய்கின்றன. விலை மிகுதி என்பார் ஒருவர். சந்துக்குள் வண்டி நுழையாது என்பார் மற்றொருவர். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்பார் மூன்றாமவர். பார்ப்பதற்குள் குழிக்குள் ஒரு பிணம் மிதக்கும்! இத்தனை காலம் இது விடை காணாக் கேள்வியாகவே நின்றது ஏன்? வரலாற்றைப் புரட்டுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிசு நகரின் கழிவுநீர்ப் பாதைகளை அமைத்தவர் பெல்கிராண்டு என்னும் பொறியாளர். 1878-இல் அவற்றின் நீளம் 600 கிலோமீட்டர். சேறு படியும் என்பதை அவர் கட்டும்போதே எண்ணினார். அதை அகற்றும் கருவியையும் உடன் எண்ணினார். கால்வாயின் அகலத்திற்கு ஒரு தடுப்புப் பலகை, அதைத் தாங்க ஒரு படகு அல்லது வண்டி. பலகையை இறக்கினால் பின்னால் நீர் தேங்கும், அடியில் சீறிப் பாயும், சேற்றை முன்னே தள்ளும், படகையும் நகர்த்தும். செய்ன் ஆற்றுக்கு அடியில் செல்லும் குழாய்க்கோ ஒரு மர உருண்டை! குழாயைவிடச் சற்றே சிறிய அந்த உருண்டையை உள்ளே விட்டால், இடுக்கில் விரையும் நீர் படிவை அரித்துக்கொண்டு போகும். அங்கும் தொழிலாளர் உள்ளே இறங்கினர். அவர்களுக்கும் இடர் இருந்தது. ஆனால், சேற்றோடு மல்லுக்கு நிற்கும் வேலையைக் கருவிக்குக் கொடுத்தனர்.

நம் நாட்டுக்கு வருவோம். 1908-இல் மூசி ஆற்று வெள்ளம் ஐதராபாத்தைச் சூறையாடிய பின், அந்நகரின் வடிகாலுக்குத் திட்டம் வகுத்தவர் விசுவேசுவரையா. திறமையில் யாருக்கும் இளைத்தவரல்லர் நம் பொறியாளர். குழாய் வந்தது, நாகரிகம் வந்தது. பின்னாளில் பெரிய வண்டிகளும் வந்தன; அவை அகன்ற வீதிகளில் ஓடின. குறுகிய சந்துகளிலோ மூங்கில் பிளாச்சும் வாளியும் கயிறும், இடுப்புத் துணியோடு ஒரு மனிதனும்!

ஏன் இந்த நிலை? கருவிக்கு விலை உண்டு. பிறப்பாலேயே இவ்வேலைக்கென ஒதுக்கப்பட்ட மனிதனுக்கு விலை இல்லை என்று சாதி சொல்லிக்கொடுத்திருந்தது. மலிவாக மனிதன் கிடைக்கும்போது இயந்திரத்தை யார் நாடுவார்? இங்கே கருவியின் இடத்தில் சாதி அமர்ந்திருந்தது.

குழிக்குள் மாண்டவனைக் கண்டு "விதி" என்றனர். விதியல்ல தோழர்களே, வேதியியல்! அழுகிய கழிவில் ஐதரசன் சல்பைடு பிறக்கிறது. சிறிதளவெனில் அழுகிய முட்டையின் நாற்றம். பேரளவெனில் நாற்றத்தை உணரும் ஆற்றலையே அது அழித்துவிடும். ஆகவே எச்சரிக்கையே இராது. முதல்வன் மயங்கி விழுவான். தூக்க இறங்கிய இரண்டாமவனும் விழுவான். 2016-இல் ஐதராபாத் மாதாப்பூரில் ஒரே நிகழ்ச்சியில் நால்வர் மாண்டனர்.

சட்டம் இல்லையா? உண்டு. 1993-இல் ஒன்று, 2013-இல் ஒன்று. காப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றம் என்றது இரண்டாவது சட்டம். 2014-இல் உச்சநீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு மாண்டோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் தரப் பணித்தது. 2023-இல் அத்தொகை 30 இலட்சமாயிற்று. உயிருக்கு அது ஈடாகாது. ஆயினும், கணக்கேட்டில் அதுவரை சுழியமாக இருந்த மனிதனுக்கு அன்றுதான் ஓர் எண் கிடைத்தது.

பிறகு, முடியாது என்றவையெல்லாம் முடிந்தன! 2017-இல் ஐதராபாத் நகரம் சந்துக்குள் நுழையும் 70 சிறு இயந்திரங்களைத் தெருவில் இறக்கியது. 2018-இல் கேரளத்து இளம் பொறியாளர்களின் இயந்திரப் பெருச்சாளி 'பாண்டிகூட்' திருவனந்தபுரத்தில் குழிக்குள் இறங்கியது. 2019-இல் தில்லி 200 வண்டிகளை ஓடவிட்டது. துப்புரவுப் பணியாளரையே அவற்றின் உரிமையாளராக்கவும் முற்பட்டது. நேற்றுவரை குழிக்குள் நின்றவன், இன்று விசையைப் பிடித்து மேலே நிற்கிறான்!

இயந்திரம் வாங்கியதும் எல்லாம் முடிந்ததா? இல்லை. 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் 377 பேர் மாண்டதாக நாடாளுமன்றத்தில் அரசே கூறியது. இவ்வேலை செய்வோரெனக் கணக்கெடுக்கப்பட்ட 38,000 பேரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்கள். இயந்திரம் கொட்டகையில் உறங்க, ஒப்பந்தக்காரர் மலிவான மனிதனைத் தேடினால் வாங்கியும் பயனில்லை. வாங்குவது பாதி, ஆளை இறக்காதிருப்பதே மீதி.

ஆதலால் இளைஞர்களே, உங்கள் ஊர் நகரமன்றத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை இயந்திரங்கள் உள்ளன? அவற்றை இயக்குவோர் யார்? நேற்று அடைப்பெடுக்கக் குழிக்குள் இறங்கியது கருவியா, மனிதனா? மூன்றாவது கேள்விக்கு மனிதன் என்பது விடையானால், அந்த ஊரில் இல்லாதது பணமன்று, மனம்!