புட்டி அடைத்த பள்ளம்

கதவு அகலத்தில் ஆறு பிளைவுட் பலகைகள். வேலை விஷயமாக இங்கிலாந்தில் இருந்தபோது, கூட வேலை பார்த்தவருடைய மாமனார் வீட்டு கராஜில் பார்த்தேன். கறுப்புப் பெயிண்ட், அதில் ரெண்டு நீளப் பள்ளங்கள், பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் பச்சை படிந்த செப்புப் பட்டை. பெரியவரின் அண்ணன் 1960களில் கையாலேயே செய்த ஸ்லாட் கார் தடம். அண்ணன் இப்போது இல்லை. கிறிஸ்துமஸுக்குள் பேரப்பிள்ளைகள் அதில் கார் ஓட்டணும், அவ்வளவுதான் பெரியவருடைய ஆசை. ஒரு சாண்டர் மெஷினும் ஒரு டின் புதுப் பெயிண்ட்டும் வாங்கி வைத்திருந்தார்.

நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஏன் என்று சொல்ல, பழைய கதைக்குப் போகணும்.

மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார் புதுசு இல்லை. அமெரிக்காவின் லயனல் கம்பெனி 1912லேயே விற்றிருக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பிரிட்டனில் மாடல் இன்ஜினியரிங் கிளப்காரர்கள் கையில்தான் இது பந்தயமாக மாறியது. 1954ல் சவுத்போர்ட் கிளப் ஒரு கண்காட்சிக்காக ஆறு லேன் தடம் கட்டியது. அதில் பள்ளம் கிடையாது. தரைக்கு மேல் துருத்திய தண்டவாளம்தான் காரை இழுத்துப் போகும். ரயில் மாதிரி. பிறகு அதைத் தலைகீழாக்கினார்கள்: மேடு பள்ளமானது, காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னத் தகடு அந்தப் பள்ளத்தில் இறங்கியது. மூக்கு மட்டும்தான் பிடிபட்டிருக்கும், வால் சுதந்திரம். வளைவில் வேகமாகப் போனால் நிஜ ரேஸ் கார் மாதிரி பின்பக்கம் வழுக்கும். விளையாட்டின் ருசியே அந்த வழுக்கல்தான் என்பது என் கட்சி.

1957ல் ஃப்ரெட் ஃபிரான்சிஸ் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கைக் கொண்டுவந்தார். துண்டு துண்டாகக் கோர்க்கும் ரப்பர் தடம். அடுத்த வருஷமே கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸுக்கு விற்றுவிட்டார். கடையில் கிடைக்கிறதே, பிறகு எதற்கு மரம்? கோர்க்கும் தடத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் கார் 'டக் டக்'கென்று குதிக்கும், கரண்ட்டும் அங்கேதான் தகராறு செய்யும். மரத்தில் ரவுட்டரால் வெட்டினால் முழுச் சுற்றும் ஒரே ஓட்டம், வளைவும் நம் இஷ்டம். அமெரிக்காவில் இது வியாபாரமாகவே ஆனது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கூடங்களில் எட்டு லேன் மரத் தடங்கள். 'ப்ளூ கிங்' என்ற வடிவத்தின் ஒரு சுற்று 155 அடி, அதாவது 47 மீட்டர். இன்றைய கார்கள் அதை 2 விநாடிக்கும் குறைவாகச் சுற்றுகின்றன. கணக்குப் போட்டால் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது! 60களின் கடைசியில் அந்த மோகம் அடங்கியது. கூடங்கள் மூடப்பட்டன, பல தடங்கள் குப்பைக்குப் போயின.

சரி, கராஜுக்கு வருவோம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தபோது, பெரிய வளைவில் மூன்றாவதாக ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது. மர புட்டி அடைத்து மூடிய பழைய பள்ளம். வெளிப் பள்ளத்துக்கும் அதற்கும் இடைவெளி 2 அங்குலம். இப்போது இருக்கும் ரெண்டுக்கும் நடுவே 3. எனக்குப் புரிந்தவரை, அண்ணன் முதலில் நெருக்கி வெட்டியிருக்கிறார். வால்கள் வழுக்கி ஒன்றையொன்று இடித்திருக்கின்றன. உள் பள்ளத்தை மூடித் தள்ளி வெட்டியிருக்கிறார். பெயிண்ட் பெயர்ந்த ஓரங்களில் நாலு அடுக்கு. புட்டி இருந்தது ரெண்டாவது அடுக்குக்குக் கீழே. ஒரு மனுஷன் யோசித்த வரிசை அப்படியே படிந்து கிடக்கிறது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் கமிட் ஹிஸ்டரி. சாண்டர் ஓடினால் பத்து நிமிஷத்தில் காலி.

பெரியவர் மசியவில்லை. "பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியது தடம், மியூசியம் இல்லை" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பஞ்சாயத்தைத் தீர்த்தது ஈயம். அந்தக் காலப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாமே என்று கடையில் கிடைக்கும் பரிசோதனைக் குச்சியைத் தேய்த்தேன். சிவப்பானது. உலர்ந்த பெயிண்ட்டைத் தேய்த்தால் அந்தத் தூசு குழந்தைகள் மூச்சில் போகும். சாண்டர் பெட்டிக்குள் திரும்பியது. ஈரத் துணியால் துடைத்து, உதிர்ந்த இடங்களை ஒட்டி, மேலே ரெண்டு கோட் நிறமில்லாத வார்னிஷ். ஈரத்தில் உப்பி இறுகிய பள்ளத்தை மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கையால் சுரண்டினோம்.

கரண்ட் வேறு படுத்தியது. சுற்று 12 மீட்டர், மின்சாரம் நுழைவது ஒரே இடத்தில். 12 வோல்ட் கொடுத்தால், கார் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டியதும் 11கூட இல்லை. பட்டை ஒரு வளையம் என்பதால் சாதாரணமாக ரெண்டு வழியாகவும் கரண்ட் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் குறுக்கு வழியை அடைத்துவிட்டதால், முழுச் சுற்றும் சுற்றி வந்துகொண்டிருந்தது. விரிசலில் ஈயப் பற்று வைத்தோம் (இந்த ஈயம் எங்கள் இஷ்டத்துக்கு வைத்தது). பலகைக்கு அடியில் தடித்த ஒயர் ஓட்டி, இன்னும் மூணு இடத்தில் மேலே ஏற்றினோம். பச்சையை உப்புத்தாளால் தேய்க்கவில்லை. பட்டை தாள் கனம்தான், ஓட்டை விழுந்துவிடும். பென்சில் ரப்பரே போதும்.

டிசம்பர் மூன்றாம் வாரம் ஓடியது. வார்னிஷ் பட்டதும் புட்டிக் கோடு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ஏழு வயதுப் பேத்தி அதன்மேல் விரலை ஓட்டி, இதில் ஏன் கார் போகாது என்று கேட்டாள். பெரியவர் ரெண்டு காரை எடுத்து அந்தக் கோட்டிலும் வெளிப் பள்ளத்திலும் வைத்து, வாலோடு வால் இடித்துக் காட்டினார்.