நியாய, சமநீதி அடிப்படையில் கூட்டாண்மைக் கலைப்பு

வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை (எல்.எல்.பி.) ஒன்றைக் கலைப்பதே நியாயமும் சமநீதியும் எனக் கருதினால், அதைக் கலைக்கத் தீர்ப்பாயம் ஆணையிடலாம். இந்தியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் பதிவு அலுவலகம் கொண்ட கூட்டாண்மை எனில், மனு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குச் செல்லும்.

இக்கோட்பாடு இங்கிலாந்தில் 1848ஆம் ஆண்டுக் கம்பெனிக் கலைப்புச் சட்டத்திலேயே உண்டு. அதற்கு உயிர் கொடுத்தது எனிட்ஜி புகையிலைக் கம்பெனி வழக்கு. ரோத்மன், வெயின்பெர்க் என்னும் இரு வணிகர் 1914இல் தம் தொழில்களை இணைத்தனர். இருவருக்கும் சம வாக்கு. விரைவிலேயே பேச்சு நின்றது. ஒரே கம்பெனியின் இரு இயக்குநர்களும் செயலாளர் வழியாகவே செய்தி அனுப்பிக்கொண்டனர்! மோசடி வழக்கும் மூண்டது. இத்தனைக்கும் கம்பெனி நல்ல இலாபத்தில் நடந்தது. ஆயினும் 1916இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கலைப்பை உறுதிசெய்தது. பெயரளவில் அது கம்பெனி, உண்மையில் இருவர் கூட்டு என்பதே காரணம்.

இந்தியக் கூட்டாண்மையில், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாவிடில், 30 நாள் அறிவிப்புத் தந்து பங்காளர் விலகலாம். ஆனால் அவருக்குக் கிடைப்பது செலுத்திய மூலதனமும், நட்டம் கழித்துச் சேர்ந்த இலாபத்தில் அவர் பங்குமே. பெரும்பான்மையோர் அவரை வெளியேற்றவோ, ஒப்பந்தத்தில் வெளிப்படையான விதி வேண்டும்.