புற்றுக்குள் ஒரு பாடம்

“கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும்” என்பர் நம் முன்னோர். கருநாகம் மட்டுமன்று, கடுகளவுள்ள வண்டுகளும் ஈக்களும்கூட வெப்ப நாடுகளின் புற்றுகளில் குடியிருக்கின்றன. அவற்றின் வரலாறு ஒரு குருவானவரின் மன வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

1850-களில் டென்மார்க் அறிஞர் ஷியோட்டே, பிரேசில் நாட்டுக் கரையான் கூடுகளில் கிடைத்த இருவகை வண்டுகளை விவரித்தார். அவற்றின் வயிறு பருத்து முதுகின்மேல் மடிந்து கிடந்தது. முட்டையிடாமல் உயிருள்ள இளம்புழுக்களையே அவை ஈன்றன.

இத்தகைய உயிர்களைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் சேசு சபைக் குரு எரிக் வாஸ்மன் (1859–1931). மறைப்பணியாளர்களும் பிறரும் தொலை நாடுகளிலிருந்து அனுப்பியவற்றை அவர் ஐரோப்பாவில் அமர்ந்து ஆராய்ந்தார். அவருடைய சபைத் தோழர் ஜோசப் அஸ்முத் அடிகளார் மேற்கு இந்தியப் புற்றுகளிலிருந்து திரட்டிய ஈ ஒன்று, இன்றும் அஸ்முத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

வாஸ்மன் கண்டதென்ன? புற்றுக்கு வெளியே வாழும் உறவினங்கள் மெலிந்த உடலுடையவை. உள்ளே வாழ்பவையோ கரையான்களோடு ஒட்டி வாழ்வதற்கேற்ப உருமாறியவை. ஆதலின் உயிரினங்கள் காலப்போக்கில் மாறியே வந்துள்ளன என அவர் துணிந்தார். 1907-இல் பெர்லின் நகரில், கடவுளை மறுக்கப் பரிணாமத்தைக் கருவியாக்கிய அறிஞர்களோடு நேருக்கு நேர் வாதிட்டார். பரிணாமத்தை ஏற்பவன் படைத்தவரை மறுக்க வேண்டுவதில்லை என்பதே அவர் நிலை.

அவர் பிழையே செய்யாதவர் அல்லர். அந்த ஈயினத்தில் ஆண்மையும் பெண்மையும் ஓருடலில் உள்ளன என்றார். அது தவறெனப் பின்னர்த் தெளிவாயிற்று. மனித உடலின் தோற்றத்திற்குப் பரிணாமத்தை நீட்டவும் அவர் இசையவில்லை. அவ்வாய்வுக்கு 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இடமளித்தார். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கூறினார்.

பள்ளியில் பரிணாமம் பயின்று வரும் பிள்ளை, “மறைக்கல்வியில் வேறுவிதமாகச் சொன்னார்களே” என்று வினவும்போது நாம் கலங்குகிறோம். சில வேளை அதட்டவும் செய்கிறோம். வாஸ்மன் அதட்டவில்லை, புற்றுயிர்களைக் கூர்ந்து நோக்கினார். கண்டது தம் பழைய எண்ணத்தோடு பொருந்தாதபோது, எண்ணத்தை மாற்றிக்கொண்டார், விசுவாசத்தை இழக்கவில்லை. உண்மைக்கு அஞ்சும் விசுவாசம், கரையான் அரித்த கதவைப் போன்றது. வெளியே வண்ணம் இருக்கும், உள்ளே வலிமை இராது.